ஐம்பது இருக்கை விமானமும் கியூ கார்டன்ஸ் அறையும்

2007 கோடையில் அமெரிக்கப் பிராந்திய விமான நிறுவனங்களுக்கு ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஹூஸ்டன் விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டல் ஒன்றின் கூட்ட அறையில் காலையில் எங்களை உட்கார வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் வேலை உறுதியாகிவிட்டது. எழுத்துத் தேர்வு, பிறகு இரண்டு கேப்டன்கள் முன்னால் கேள்வி பதில், அப்புறம் சின்ன சிமுலேட்டரில் சிறிது நேரம். இடிமேகத்தை எத்தனை மைல் விலகிப் போவாய்? பார்வைத் தூரம் இவ்வளவுதான் என்று கோபுரத்திலிருந்து சொன்னால் இறங்கலாமா, கூடாதா? புறப்படும்போது ஒரு எஞ்சின் நின்றால் முதலில் என்ன செய்வாய்? இதையெல்லாம் கேட்டார்கள். எந்த ஊரில் குடியிருக்கிறாய், வேலை பார்க்கும் ஊருக்கு எப்படி வந்து போவாய், அங்கே எங்கே படுப்பாய் என்று யாரும் கேட்கவில்லை.

என் லாக்புக்கில் அப்போது எழுநூறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. பெரும்பாலும் ஹூஸ்டன் புறநகரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில், குட்டி செஸ்னா விமானத்தில், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தது. மதுரை, கோயம்புத்தூர், ஹைதராபாத் என்று நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வீட்டை அடமானம் வைத்துக் கற்க வந்திருந்தார்கள். நேர்முகத் தேர்வில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த பையனுக்கு முந்நூறு மணி நேரம்கூட நிரம்பவில்லை. அவனையும் எடுத்துக்கொண்டார்கள். அன்றைய சட்டப்படி 250 மணி நேரத்தில் வணிக விமானி உரிமம் வாங்கிவிடலாம். அது இருந்தால் ஐம்பது பயணிகளோடு பறக்கும் ஜெட்டில் வலது இருக்கையில் உட்காரலாம்.

அப்பா எண்ணெய் நிறுவனமொன்றில் இன்ஜினியர். அவர் வேலைக்காகத்தான் நான் பள்ளியில் படிக்கும்போதே குடும்பத்தோடு அமெரிக்கா வந்தோம். பைலட் வேலை என்றதும் அவர் எதிர்க்கவில்லை. கணக்கு மட்டும் கேட்டார். சம்பளத்தைச் சொன்னேன்: பறக்கும் மணிக்கு 22 டாலர், மாதத்துக்கு 75 மணி நேரம் உத்தரவாதம். பேனாவை எடுத்துக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். மாதம் 1,650 டாலர். வரி போகக் கையில் வருவதில் பெரும்பகுதியைப் பயிற்சிக் கடனின் தவணை விழுங்கிவிடும். "ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ஷூரன்ஸாவது தர்றாங்களாடா?" என்றார். தருகிறார்கள் என்றேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பறக்கும் மணியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வெளியாட்களுக்கு அது தெரிவதில்லை. வாசலை மூடி, பிரேக்கை விடுவித்து விமானம் நகரும்போதுதான் சம்பளக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அடுத்த ஊரில் போய் நின்று பிரேக் போட்டதும் நின்றுவிடும். அதற்கு முன்னால் வானிலை படிப்பது, விமானத்தைச் சுற்றி வந்து டயரும் இறக்கையும் பார்ப்பது, மூடுபனியால் மூன்று மணி நேரம் நிலையத்தில் காத்துக் கிடப்பது, இரண்டு பயணங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது எதற்கும் காசு இல்லை. ஒரு நாளில் பதினான்கு மணி நேரம் சீருடையில் இருந்துவிட்டு ஐந்து மணி நேரச் சம்பளத்தோடு படுக்கப் போவது எங்களுக்கு வாடிக்கை. வெளியூர்த் தங்கலில் சாப்பாட்டுப் படியாக மணிக்கு ஒன்றரை டாலர் போலத் தனியே வரும். விமான நிலையத்தில் ஒரு சாண்ட்விச் வாங்கினால் கால் நாள் படி காலி.

எங்களுக்கு ஒதுக்கியது எம்ப்ராயர் 145. பிரேசிலில் செய்த ஒல்லியான ஜெட். இடப்பக்கம் ஒற்றை இருக்கை, வலப்பக்கம் இரட்டை, மொத்தம் ஐம்பது பேர். பறப்பதற்கு அருமையான விமானம்; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எஞ்சின் விசையைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி அதில் கிடையாது. வேகத்தை நம் கையால்தான் பிடிக்க வேண்டும். அதில் பழகியவனுக்கு எந்த விமானத்தையும் ஓட்டலாம் என்ற தைரியம் வரும். ஆனால் ஜூலை மாதம் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில், வால் பகுதியில் இருக்கும் துணை எஞ்சின் பழுதாகிக் கிடக்கும் நாளில், புறப்பாட்டு வரிசையில் இருபதாவது ஆளாக நிற்கும்போது அதற்குள் இருந்து பார்க்க வேண்டும். எரிபொருளை மிச்சம் பிடிக்க ஒரே எஞ்சினில் ஊர்ந்துகொண்டிருப்போம். குளிர்காற்று பேருக்குத்தான் வரும். பின்னாலிருந்து குழந்தை அழும் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்கும். பணிப்பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு பாட்டிக்கு மயக்கமாக வருகிறது, ஐஸ் தீர்ந்துவிட்டது என்பாள். கேப்டன் வரிசையை விட்டு விலகித் திரும்பினால் பயணமே ரத்தாகலாம். முடிவெடுக்க அவருக்குச் சில நிமிடம்தான். அப்படி ஒரு நாள் அவர் திரும்பினார். அந்தப் பாட்டியை இறக்கிவிட்டு மீண்டும் வரிசையின் கடைசியில் போய் நின்றோம்.

பிராந்திய நிறுவனம் என்றால் என்ன என்பது பயணிகளில் பலருக்குத் தெரியாது. விமானத்தின் வாலில் பெரிய நிறுவனத்தின் சின்னம் இருக்கும். டிக்கெட்டை விற்பது அவர்கள். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுவது அவர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் எரிபொருள் செலவும் அவர்களுடையது. விமானி, பணிப்பெண், பழுது பார்க்கும் ஆட்கள் மட்டும் எங்கள் நிறுவனம். இத்தனை புறப்பாட்டுக்கு இத்தனை டாலர் என்று ஒப்பந்தம். ஒப்பந்தம் முடியும்போது குறைந்த விலை சொல்பவனுக்கு அடுத்தது. விமானம் எல்லோருக்கும் ஒரே விமானம்தான். குறைத்துக் காட்ட மீதமிருப்பது ஆட்களின் சம்பளம். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவின் அன்றாடப் புறப்பாடுகளில் ஐந்தில் இரண்டு பங்கு இப்படிப்பட்ட நிறுவனங்களுடையது. சிறிய ஊர்கள் பலவற்றுக்கு வேறு விமானமே கிடையாது.

விமானிகள் போராடாமல் இல்லை. 2001-இல் சின்சினாட்டி பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட காம்ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் முழுவதும் தரையில் நின்றது. நல்ல ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் வேலை வேறு கைகளுக்குப் போகப் போக காம்ஏர் சுருங்கியது. 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. ஓய்வறைகளில் மூத்தவர்கள் இளையவர்களுக்கு அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். அதிகம் கேட்டால் வேலை பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடும் என்ற பயம் அதோடு ஒட்டிக்கொண்டே வரும்.

வேறு தொழிலில் சம்பளம் போதவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம். இங்கே அதற்கும் வழி இல்லை, சீனியாரிட்டி பிடித்துக்கொள்ளும். சேர்ந்த தேதியை வைத்துப் பட்டியலில் ஓர் எண் தருவார்கள். எந்த ஊரில் வேலை, எந்த நாளில் விடுப்பு, எப்போது கேப்டன், பண்டிகைக்கு வீட்டில் இருக்கலாமா என்று எல்லாவற்றையும் அந்த எண் முடிவு செய்யும். பத்து வருடம் கேப்டனாக இருந்தவர் நிறுவனம் மாறினால் பட்டியலின் அடிமட்டத்தில், முதல் வருடத் துணை விமானியின் சம்பளத்தில், இருபத்து மூன்று வயதுப் பையனுக்குக் கீழே உட்கார வேண்டும். 2020-இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற பிராந்திய நிறுவனங்கள் மூன்றும் ஒரே ஆண்டில் சேவையை நிறுத்தியபோது ஐம்பது வயதுக்காரர்களுக்கும் அதுதான் கதி.

நான் சேர்ந்த அதே ஆண்டு, 2007 டிசம்பரில், ஓய்வு பெறும் வயதை அறுபதிலிருந்து அறுபத்தைந்தாக உயர்த்திச் சட்டம் வந்தது. மேலே இருந்தவர்கள் நகரவில்லை. அடுத்த ஆண்டு எண்ணெய் விலை ஏறியது, பின்னாலேயே பொருளாதாரச் சரிவு வந்தது. பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தின. பட்டியலில் எனக்குக் கீழே இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் தப்பினேன், ஆனால் கடைசிப் படியிலேயே வருடக்கணக்கில் நின்றேன்.

ஹூஸ்டன் தளம் மூத்தவர்களுக்குத்தான். எனக்கு விழுந்தது நியூயார்க். அங்கே குடும்பத்தோடு வாடகை கொடுத்து வாழ என் சம்பளத்துக்கு வழியில்லை. கல்யாணம் ஆகியிருந்தது, மனைவிக்கு ஹூஸ்டனில் வேலை. எனவே என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் செய்வதையே செய்தேன்: வீடு ஓர் ஊரில், வேலை வேறு ஊரில். காக்பிட்டில் விமானிகளுக்குப் பின்னால் மடித்து விரிக்கும் ஜம்ப் சீட் ஒன்று இருக்கும். இடமிருந்தால், கேப்டன் சம்மதித்தால், இலவசமாகப் போகலாம். இடமில்லையென்றால் அடுத்த விமானம். அதிலும் இல்லையென்றால் அதற்கடுத்தது. வேலைக்குத் தாமதமானால் குற்றம் நம்முடையது. அதனால் நாளை காலை வேலை என்றால் இன்று மதியமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ரோஸ்டரில் விடுப்பு என்று எழுதியிருக்கும் நாளின் பாதி இப்படிக் கரையும்.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கியூ கார்டன்ஸ் என்றொரு பேட்டை. லாகார்டியா, கென்னடி இரண்டு விமான நிலையங்களுக்கும் அருகே இருப்பதால் பல்லாண்டுகளாக விமானப் பணியாளர்கள் அங்கே கூட்டாக அறை எடுத்துத் தங்குகிறார்கள். கிராஷ் பேட் என்பார்கள். நான் இருந்தது ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடி. இரண்டு படுக்கையறை, ஓர் அறைக்கு நான்கு அடுக்குக் கட்டில், ஒரே குளியலறை. தனக்கென்று கட்டில் வேண்டுமானால் வாடகை கூட. இல்லையென்றால் எந்தக் கட்டில் காலியோ அதில் நம் விரிப்பை விரித்துப் படுத்து, காலையில் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் இரண்டாவது ரகம். குளிர்சாதனப் பெட்டியில் ஒவ்வொருவரின் பெயர் எழுதிய டப்பா. என்னுடையதில் அம்மா செய்து கொடுத்த புளிக்காய்ச்சல் இருக்கும். இரவு ஒரு மணிக்கு வந்து, குட்டி மின்சாரக் குக்கரில் ஒரு ஆழாக்கு அரிசி போட்டு, இருட்டிலேயே பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். விளக்கைப் போட முடியாது. நாலு மணிக்கு எழுந்து போக வேண்டியவன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பான்.

இளையவர்களுக்கு நிலையான அட்டவணை கிடையாது. ரிசர்வ் என்ற பெயரில் தொலைபேசியைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். கூப்பிடாவிட்டாலும் எங்கும் போக முடியாது. நியூயார்க்கில் மாதக்கணக்கில் இருந்தும் நான் பார்த்தது அந்தக் கட்டடமும் எதிர்ப்புறத் துணி வெளுக்கும் கடையும்தான். சில நாள் நள்ளிரவுவரை விழித்துக் காத்திருந்து, படுத்துக் கண் அயரும் நேரத்தில் அழைப்பு வரும்.

ஓய்வு விதியும் அப்போது அப்படித்தான். வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும்வரை 9 மணி நேரம். தேவைப்பட்டால் அதை 8 ஆகக் குறைக்கலாம். இந்த எட்டு மணி தூக்கத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். விமானத்திலிருந்து இறங்கி, பர்லிங்டன் போன்ற ஊரின் பனியில் ஹோட்டல் வண்டிக்குக் காத்து நின்று, அறைக்குப் போய், குளித்து, சாப்பிட ஏதாவது தேடி, தூங்கி, எழுந்து, மீண்டும் அதே வண்டியில் விமான நிலையம் வரும்வரை எல்லாம் அந்த எட்டுக்குள். கண்ணை மூடுவது நான்கரை, ஐந்து மணி நேரம். அடுத்த நாள் நான்கு ஊர், நான்கு இறக்கம். ஒரு விடியற்காலையில் வண்டியில் என் கேப்டன் கேட்டார்: "தூங்கினாயா?" கொஞ்சம் என்றேன். "நானும் கொஞ்சம்தான். இன்றைக்கு இருவரும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும். நான் எதையாவது விட்டால் தயங்காமல் சொல்." நல்ல மனிதர். அன்று முழுக்க ஒவ்வொரு சுவிட்சையும் பெயர் சொல்லித் தொட்டோம்.

2009 பிப்ரவரி 12 இரவு. நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன விமானம் தரையிறங்கப் போகும் வேளையில் கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஓட்டியது கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனம். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எடுத்ததும், "நீ எங்கேடா இருக்கே?" என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை வாரியம் சொன்ன நேரடிக் காரணம் கேப்டனின் தவறான செயல்: வேகம் குறைந்து எச்சரிக்கை அதிர்ந்தபோது மூக்கைக் கீழே இறக்குவதற்குப் பதில் மேலே இழுத்தார். அது உண்மை, அதை மறைக்க நான் எழுதவில்லை. ஆனால் விசாரணையில் வேறு சிலவும் வெளியே வந்தன. துணை விமானிக்கு வயது 24. அவர் வீடு சியாட்டிலில், வேலை நியூவர்க்கில். முந்தைய இரவு சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வழியாக நாட்டைக் குறுக்கே கடந்து வந்து சேர்ந்திருந்தார். வந்த பிறகு பணியாளர் ஓய்வறைச் சோபாவில் கொஞ்சம் உறக்கம். சளி பிடித்திருந்தது. காக்பிட் ஒலிப்பதிவில் அதைப் பற்றி அவர் பேசியது பதிவாகியிருக்கிறது: வீட்டிலேயே இப்படி இருந்திருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன், வந்துவிட்ட பிறகு உடம்பு சரியில்லை என்று சொன்னால் சொந்தக் காசில் ஹோட்டலில் கிடக்க வேண்டும் என்ற பொருளில். அதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சை அடைத்தது. அந்தக் கணக்கை நான் போட்டிருக்கிறேன். எங்கள் அறையில் படுத்திருந்த ஒவ்வொருவரும் போட்டிருந்தோம். காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகலாமா, ஒரு வாரச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்து அறை எடுக்கலாமா?

இறந்தவர்களின் குடும்பத்தார் வாஷிங்டனுக்கு மறுபடி மறுபடி போனார்கள். கையில் பிள்ளைகளின், பெற்றோரின் படங்களோடு நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் உட்கார்ந்தார்கள். விமானிகளின் சங்கம் பல்லாண்டு கேட்டும் நகராதது அவர்களால் நகர்ந்தது. 2010 ஆகஸ்டில் சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானிக்கும் முழு உரிமம் வேண்டும், பொதுவாக 1,500 மணி நேரம். ராணுவ விமானிகளுக்கு 750, நான்காண்டு விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000 என்று சலுகை. 2014 ஜனவரி 4 முதல் புதிய ஓய்வு விதி: இடையில் 10 மணி நேரம், அதற்குள் தடையில்லாமல் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. விதி நடைமுறைக்கு வந்த வாரத்தில் ஒரு பனிப்புயல் இரவு. ஹோட்டலுக்கு நேரம் கழித்து வந்து சேர்ந்தோம். ஏழரை மணி நேரம் முழுதாகத் தூங்கி எழுந்தேன். மறுநாள் வேலை நடுவில் அப்படித் தெளிவாக இருந்தது எனக்கே புதிதாக இருந்தது.

இந்த 1,500 மணி நேரத்தைப் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. பஃபலோ விமானத்தின் கேப்டனுக்கு 3,379 மணி நேரம், துணை விமானிக்கு 2,244 மணி நேரம் அனுபவம் இருந்தது. அப்படியிருக்க இந்த எண் எதைத் தடுத்திருக்கும் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. கேள்வி நியாயமானது. வெயில் நாளில் செஸ்னாவில் வட்டமடித்துச் சேர்த்த மணி நேரம் பனியில் உறையும் இறக்கையைப் பற்றி எதையும் சொல்லித்தராது. ஆனால் அந்த எண் செய்த வேறொரு வேலையை நான் உள்ளே இருந்து பார்த்தேன். அதுவரை வாசலில் எப்போதும் கூட்டம் நின்றது. 22 டாலருக்கு ஒருவன் மாட்டேன் என்றால் பின்னால் பத்துப் பேர். சட்டம் அந்தக் கூட்டத்தைக் கலைத்தது. புதிதாகச் சேரும் வகுப்பில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2014-இல் விசாரித்த 12 பிராந்திய நிறுவனங்களில் 11, தகுதியான விமானிகள் கிடைப்பது சிரமமாக இருக்கிறது என்றன. 2016-இல் ரிபப்ளிக் என்ற பிராந்திய நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டபோது விமானிப் பற்றாக்குறையைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. சேரும் நாளிலேயே போனஸ், பயிற்சிக் காலத்தில் தனி அறை, வேலைக்கு வந்து போக ஹோட்டல் என்று ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் காலத்தில் ஒரே அறையில் இரண்டு பயிற்சியாளர்களை அடைத்து, ஒருவனுக்கு விடியற்காலை சிமுலேட்டர், மற்றவனுக்கு நள்ளிரவில் என்று வைத்திருந்தார்கள். அதே நிறுவனம், அதே ஒப்பந்த முறை. பணம் இல்லை இல்லை என்று சொன்னவர்களிடம் பணம் எப்படியோ வந்தது.

நடுவில் போன வருடங்கள் திரும்பவில்லை. மகளுக்குக் காது குத்து ஹூஸ்டனை அடுத்த பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் என்று தேதி குறித்திருந்தோம். மூன்று மாதம் முன்னாலேயே விடுப்புக்கு எழுதி, எப்படியோ கிடைத்தும் இருந்தது. கடைசிப் பயணம் முடிந்து லாகார்டியாவில் இறங்கிப் பெட்டியை எடுக்கும்போது தொலைபேசி. ஆள் போதவில்லை, இன்னொரு பயணம் போக வேண்டும் என்றார்கள். பட்டியலின் கடைசியில் இருப்பவனைக் கட்டாயப்படுத்தலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை. நார்ஃபோக்கில் இரவு தங்கினேன். மறுநாள் காலை என் மைத்துனன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. கண்ணெல்லாம் அழுத அழுகை, காதில் சந்தனம். மனைவி போனில், "நீங்க வர முடியாதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா தேதியை மாத்தியிருப்போமேங்க" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். முன்னாடியே எனக்கும் தெரியாது என்பதை வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கடினம்.

பிறகு மேலே இருந்தவர்கள் பெரிய நிறுவனங்களுக்குப் போகப் போக நான் கேப்டன் ஆனேன். சில வருடம் கழித்து நானும் பெரிய நிறுவனத்துக்குப் போனேன். அந்தப் பகுதி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். சம்பளம் கூடியது, ஹூஸ்டன் கிடைத்தது, வீட்டில் படுத்தேன்.

2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான பிராந்திய நிறுவனங்கள், தற்காலிகக் கூடுதல் தொகையையும் சேர்த்து, முதல் வருடத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலரும் முதல் வருடக் கேப்டனுக்கு 146 டாலரும் என்று அறிவித்தன. மற்ற நிறுவனங்களும் பின்தொடர வேண்டியதாயிற்று. பழைய நண்பர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசினோம். எனக்கு ஒரு துளி பொறாமையும் இல்லை. அந்தத் தொகை அந்த இருக்கைக்கு எப்போதோ கொடுத்திருக்க வேண்டியது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: அதே ஆண்டு மார்ச்சில் ஸ்கைவெஸ்ட் நிறுவனம், விமானிகள் இல்லை என்று சொல்லி, அரசு மானியத்தில் சேவை நடந்த 29 சிறிய ஊர்களை விட்டு விலக அனுமதி கேட்டது. சேவை நின்றால் அந்த ஊர்க்காரர்கள் பெரிய மருத்துவமனைக்குப் போக மணிக்கணக்கில் காரோட்ட வேண்டும். விமானியின் தூக்கத்தையும் சம்பளத்தையும் குறைத்துப் பிடித்த மலிவில்தான் அந்தச் சேவைகள் இத்தனை காலம் நடந்தன என்பதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. மானியத்தை உயர்த்துவது அரசின் கடமை. அதை ஒரு இளைஞனின் சம்பளத்திலிருந்து எடுப்பது நியாயமல்ல.

பெரிய நிறுவனங்கள் 2024-இல் ஆள் எடுப்பதைக் குறைத்தன. துணை விமானிகள் ஏராளம், கேப்டன்கள் பற்றாக்குறை என்று நிலைமை புரண்டது. அதே ஆண்டு மே மாதம் வந்த சட்டத்தில் 1,500 மணி நேரத்தில் கை வைக்கப் பலர் முயன்றார்கள். பஃபலோ குடும்பத்தார் மறுபடி வாஷிங்டன் போனார்கள். எண் மாறவில்லை. இனியும் மாறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எண்ணின் அழகுக்காகச் சொல்லவில்லை. அதைக் குறைத்தால் வாசலில் மீண்டும் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்த மறுநாளே சம்பளம் இறங்கும், சம்பளம் இறங்கினால் இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள் மறுபடி சோபாவில் படுத்துவிட்டு விமானம் ஓட்ட வருவார்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கத்து நண்பரின் மகன் சென்ற ஆண்டு வந்திருந்தான். உரிமம் வாங்கிவிட்டான், இப்போது பயிற்சியாளராக மணி நேரம் சேர்க்கிறான். "அங்கிள், எந்தக் கம்பெனி போனஸ் அதிகம் தருது?" என்றான். போனஸ் ஒரு முறை வரும், வருமான வரியும் பிடிப்பார்கள், இரண்டு வருடம் விலக முடியாதபடி கையெழுத்தும் வாங்குவார்கள் என்றேன். நாங்கள் இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து வேறொரு பட்டியல் எழுதினோம். உன் ஊரில் அவர்களுக்குத் தளம் இருக்கிறதா, அது கிடைக்க எத்தனை வருடம் ஆகிறது? ரிசர்வில் எவ்வளவு காலம் வைக்கிறார்கள்? விடுப்பு நாளில் கட்டாயமாகக் கூப்பிட ஒப்பந்தம் இடம் தருகிறதா? உடம்பு சரியில்லை என்று வெளியூரில் சொன்னால் ஹோட்டல் செலவு யாருடையது?

விமானி ஆக ஆசைப்படும் பிள்ளைகளும், அதற்காகக் கடன் வாங்கத் துணியும் பெற்றோரும், சேருமுன் இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.